மூன்றாவது கேள்வி

"எந்த மெசினு என்னையப் பொய்க்காரின்னு சொல்லிச்சு? அதை வெளிய எடுங்க. நான் அதுகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

பிரம்மசக்தி மாடிப்படியேறி வந்து வாசலிலேயே நின்று போட்ட சத்தத்தில், மெய்யொலி நிறுவனத்தின் தேர்தல் அலுவலகத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அலுவலகம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். இடைத்தேர்தல் முடியும்வரை அதன் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மணமகள் அறையில் கணினிகள், பந்திக் கூடத்தில் நாற்காலிகள். வெளியே வேட்பாளர்களின் கொடியைக் கட்டிக்கொண்டு ட்ரோன்கள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

யமுனாதான் எழுந்து போனாள். வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஆகவே யாராவது ஏச வந்தால் அதை வாங்கிக்கொள்வதும் அவள் வேலை.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

"தண்ணியும் வேண்டாம் கின்னியும் வேண்டாம். கட்சி ஆபீஸ் வாசல்ல என்னைய நிப்பாட்டிட்டானுவ. நான் அண்ணாச்சிக்கு ஓட்டுப் போடமாட்டேன்னு உங்க மெசினு சொல்லிட்டாம். மகளிரணியில முப்பது வருசமா கொடி தூக்குதேன் தாயி! அளத்துல வேலை இல்லன்னு கங்காணி சொல்லுதான். ஓட்டுப்போடுத நாளுக்குள்ள வீட்டையும் காலி பண்ணணுமாம்."

அண்ணாச்சி என்றால் ஆனந்தப்பெருமாள். இடைத்தேர்தல் வேட்பாளர். அந்தக் கரையோரத்து உப்பளங்களில் பாதி அவருடையவை. அளத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிற வீடுகளும் அவர் நிலத்தில்தான் நின்றன. அவர் மனது வைத்தால் அடுப்பு எரியும், மனது மாறினால் கூரையே போய்விடும்.

யமுனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணிப்பு என்றால் தெருவுக்கு இத்தனை சதவீதம் என்று கொடுப்பதுதான் வழக்கம். இன்னார் இப்படிச் சொன்னார் என்று பேரோடு வெளியே போகக் கூடாது. அவள் மேலாளர் ஸ்ரீவத்சனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏசி ரிமோட்டைக் கையில் எடுத்து, அதில் ஏதோ பெரிய ரகசியம் எழுதியிருப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சோபாவில் அண்ணாச்சியின் வலதுகை தங்கப்பழம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பேர்களை யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கருத்துக்கணிப்பு என்றாலே ஊர் சிரிக்கிற காலம் ஒன்று இருந்தது. டீக்கடையில் ஒரு கட்சி, சம்பந்தி வீட்டில் ஒரு கட்சி, கேள்விகேட்க வருகிறவனிடம் இன்னொரு கட்சி என்று ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார்கள். வாக்கை எண்ணும்போது எல்லாம் தலைகீழாகும். தொலைக்காட்சியில் கணித்தவர்கள் ஒரு வாரம் தலைமறைவாக இருந்துவிட்டு அடுத்த தேர்தலுக்குப் புதுக் கோட்டு தைத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் காலத்துக்கு மெய்யொலி முற்றுப்புள்ளி வைத்தது. அவர்களிடம் மெய்மானி இருந்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. பதிலைக் கேட்கும். பதில் சொல்கிற குரலையும் கேட்கும். நகரங்களில் நடந்த தேர்தல்களில் அது சொன்னது சொன்னபடி பலித்ததால், கட்சிக்காரர்கள் இப்போது சாமி வாக்கைவிட அதை நம்பினார்கள்.

ஸ்ரீவத்சன் எழுந்து வந்தார். சென்னைக்காரர். மரியாதையானவர். பெட்டியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு.

"கோவப்படாதீங்கம்மா. இது எப்படின்னா, பாட்டுக்காரங்க முதல்ல சுருதி சேர்ப்பாங்க இல்லையா, அந்த மாதிரி. முதல்ல மூணு கேள்வி கேப்போம். உங்க பேர், உங்க ஊர், உங்க வீட்டுக்காரர் பேர். மூணும் வாக்காளர் பட்டியல்லயே இருக்கு. அதனால நீங்க சொல்றது உண்மைன்னு எங்களுக்குத் தெரியும். உண்மை சொல்றப்போ உங்க குரல் எப்படி இருக்குன்னு பெட்டி புடிச்சுக்கும். அதுக்கப்புறம் கேக்கற கேள்விக்கு அதே சுருதியில பதில் வந்தா பச்சை. சுருதி விலகினா சிவப்பு. அவ்வளவுதான்."

"எனக்கு சிவப்பு வந்திச்சோ?"

"வந்தது."

"திரும்பக் கேளுங்க. இப்பமே, இங்கனயே கேளுங்க."

ஸ்ரீவத்சன் தோளைக் குலுக்கினார். யமுனா பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உங்க பேரும்மா?"

"பிரம்மசக்தி!"

"ஊர்?"

"அளத்துத் தெரு!"

"வீட்டுக்காரர் பேர்?"

அதுவரை மண்டபமே அதிரப் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று அடங்கினாள். முந்தானை நுனி வாய்க்குப் போனது. ஐம்பத்தெட்டு வயது முகத்தில் புதுப்பெண்ணின் சிரிப்பு ஒன்று வந்து நின்றது.

"அது... அவிய பேரா... அவிய போயி வருசமாச்சு. எப்பிடிச் சொல்ல... திருச்செந்தூர்ல நிக்காருல்லா, ஆறு தலை உள்ள சாமி... அந்தப் பேருதான்."

"ஆறுமுகமா?"

"ம்."

"வர்ற தேர்தல்ல உங்க ஓட்டு யாருக்கு?"

"அண்ணாச்சிக்குத்தான்! இதுல என்ன கேள்வி?"

பெட்டியில் சிவப்பு எரிந்தது.

தங்கப்பழம் சோபாவிலிருந்தபடியே சொன்னான். "மெசினுக்கு உங்க மேல என்னக்கா பகை? அது உள்ளதைத்தான சொல்லும்."

"அடப்பாவி, நீ பொறந்தப்ப உங்க ஆத்தாளுக்குக் காய மருந்து இடிச்சுக் கொடுத்தவ நான்டா."

"அது வேற, இது வேறக்கா."

பிரம்மசக்தி அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் யமுனாவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அதன்பிறகு யமுனாவுக்கு வேலை ஓடவில்லை. அந்தச் சிரிப்பு மனதைவிட்டுப் போகமாட்டேன் என்றது. பாளையங்கோட்டையில் அவளுடைய பெரியம்மா ரேஷன் கடையில் அதே சிரிப்பைத்தான் சிரிப்பாள். பேரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து, 'நீ சொல்லேன்டி' என்பாள். அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லுவதில்லை. யமுனாவுக்கு அது தெரியாததா என்ன? கேள்விகளை எழுதிய நாளில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வாக்காளர் பட்டியலில் பெண்கள் பேருக்கு எதிரே புருஷன் பேர் இருந்தது. சரிபார்க்க வசதி என்று எழுதிவிட்டாள்.

பேரும் ஊரும் சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடப்போகிறது? ஒரு நொடி. பெட்டி குரலை நன்றாகக் கேட்டுப் பழகுவது மூன்றாவது பதிலில்தான். அந்தப் பதிலிலோ தயக்கம், தடுமாற்றம், தாழ்ந்த குரல், இழுப்பு. அதுதான் இவள் உண்மை பேசும் குரல் என்று பெட்டி மனதில் வாங்கிக்கொண்டால்?

பார்த்துவிடலாம் என்று அவள் எழுந்து வெளியே வந்தாள்.

மண்டபத்தைப் பெருக்குகிற செண்பகத்தம்மாள் கீழே வாளியை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். யமுனா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தாள். பேர், ஊர். மூன்றாவது கேள்விக்குச் செண்பகத்தம்மாள் நெளிந்து, கூரையைப் பார்த்து, கடைசியில் "எங்க பெரியவனுக்கு அப்பா" என்று முடித்துக்கொண்டாள்.

"சரிம்மா. மேல சுத்துதே, அது என்ன?"

"பேனு." சிவப்பு.

"இப்ப பகலா, ராத்திரியா?"

"என்ன பிள்ள கேக்க, வெயில் மண்டையைப் பொளக்கு. பகலுதான்." மறுபடியும் சிவப்பு.

செண்பகத்தம்மாள் சம்பள பாக்கியைச் சொல்லிப் புலம்பியது யமுனாவுக்கு நினைவுக்கு வந்தது. இன்னும் ஒன்றே ஒன்று கேட்டாள். "மண்டபத்துக்காரர் உங்களுக்குச் சம்பளத்தை ஒழுங்காத் தர்றாரா?"

செண்பகத்தம்மாள் வாசலைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "அதெல்லாம்... தாராவ... ஒழுங்காத்தான் தாராவ..."

பெட்டி பச்சைப்பசேலென்று எரிந்தது.

ஆக, உள்ளதைத் துணிந்து சொன்னால் பொய். பயந்துகொண்டு பொய் சொன்னால் உண்மை. கரையோரத்து வயதான பெண்கள் அத்தனை பேர் விஷயத்திலும் மெய்மானி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் கொடி பிடித்தவளைத் துரோகி என்று அடித்துச் சொல்லியிருக்கிறது.

யமுனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஸ்ரீவத்சனிடம் சொல்லிவிடலாம், அந்த அம்மாள் வீடு தப்பித்துவிடும் என்று நாலு எட்டு வைத்தவள், ஐந்தாவது எட்டில் நின்றுவிட்டாள். அளத்துத் தெருவில் பிரம்மசக்திக்கு மட்டும்தான் சிவப்பு. மற்ற பெண்களுக்கெல்லாம் பச்சை. அவர்களும் புருஷன் பேருக்கு முந்தானையைத் தேடியவர்கள்தான். 'அண்ணாச்சிக்குத்தான்' என்று அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். தரையைப் பார்த்து, மென்று விழுங்கிச் சொன்னார்கள்.

பிழையைத் திருத்தினால் பிரம்மசக்தி பச்சையாவாள். தெரு முழுவதும் சிவப்பாகும். ஒரு வீட்டுக்குப் பதில் முப்பது வீடு. பத்திரிகைக்குச் சொன்னாலும் கதை அதேதான். பெட்டி எப்படித் தப்பியது என்று தெரிந்த உடனே, யார் பயந்து பொய் சொன்னார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

"என்ன டெஸ்ட் பண்ணினே?"

ஸ்ரீவத்சன் கதவருகில் நின்றிருந்தார். பெட்டியில் பதிவாகும் ஒவ்வொரு நிறமும் அவருடைய திரைக்கும் போகும் என்பதை அவள் மறந்திருந்தாள்.

"ஃபேனை ஃபேன்னு சொன்னா சிவப்பு வருதே, எப்படி?" என்றார்.

"ஏதோ... சத்தம் குறுக்க வந்திருக்கும் சார்."

அவர் முட்டாள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செண்பகத்தம்மாளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. "மூணாவது கேள்வி! புருஷன் பேர் சொல்றதுக்குக் கூச்சம்! சுருதியே தப்பாச் சேர்ந்திருக்கு. அப்படித்தானே யமுனா?"

அவள் பெட்டியை மூடி மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"உடனே திருத்திடலாம். குரலைச் சேமிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கறதால பழசை வெச்சுத் திருத்த முடியாது. நாளைக்குக் காலைல அந்தத் தெருவுக்குப் போவோம். அதே பெண்களை அதே கேள்விதான் கேட்போம். நான் பக்கத்துல இருந்து பாக்கறேன். பேர் சொல்லத் தயங்கறாங்களான்னு தெரிஞ்சா போதும், கரையோரம் பூரா மறுபடியும் எடுத்துடலாம். தங்கப்பழத்துக்கிட்ட சும்மா சரிபார்ப்புன்னு சொல்லிக்கலாம்."

"சார், நிறம் மாறினா அந்தப் பெண்கள் கதி என்ன? வேலையும் போயிடும், வீடும் போயிடும்."

"நாம சொல்றது சரியா இருக்கணும். அவ்வளவுதான் நம்ம வேலை. இத்தனை வருஷமா கணிப்பை யாரும் நம்பாததுக்குக் காரணமே ஜனங்க சொன்ன பொய்தானே?"

"அந்தப் பொய்யைச் சொல்ல முடிஞ்சதாலதான் சார் அவங்க இத்தனை வருஷம் பொழச்சுக் கிடந்தாங்க."

அவர் அதை ரசித்ததுபோலத் தலையாட்டினார். ஆனாலும் காரைக் காலையில் எத்தனை மணிக்கு வரச்சொல்லலாம் என்று கேட்டார்.

வெயில் தாழ்ந்ததும் யமுனா அளத்துத் தெருவுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. தன் தலையிலிருக்கிற பாரத்தை இன்னொருத்தி தலையில் இறக்கிவைக்கத்தான் போகிறோமோ என்ற உறுத்தல் இருந்தது. உண்மையும் அதுதான்.

பிரம்மசக்தி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு உலகம்மாள் ஒரு கிண்ணம் குழம்போடு வாசலில் வந்து நின்றாள். முதுகைக் காட்டி நின்ற யமுனாவை, கேள்வி கேட்க வந்தவள் என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை போலும். யாரோ சொந்தக்காரப் பிள்ளை என்று எண்ணி, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"யக்கா, நீங்களும் எங்க பக்கந்தானா? தெரியாமப் போச்சே! இத்தனை நாளா உங்களுக்குப் பயந்துகிட்டுல்லா நாங்க பொய் சொல்லிட்டுக் கெடந்தோம்."

பிரம்மசக்தி நிமிர்ந்தாள். "என்ன சொல்லுத?"

"அண்ணாச்சிக்குப் போடமாட்டேன்னு உங்களுக்கு சிவப்பு வந்திச்சாமே. தெரு பூரா பேச்சு. எங்களுக்கெல்லாம் எம்புட்டு சந்தோசம் தெரியுமாக்கா?"

"எங்கிட்டயே பொய் சொன்னியளா? ஊர்வலத்துக்கு வந்தீய. கோசம் போட்டீய. என் மூஞ்சியப் பாத்துச் சத்தியம் பண்ணுனீய!"

"வேற என்ன செய்யச் சொல்லுதிய? போன மழைக்கு அளம் முங்கி, வேலையில்லாம, பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு வழியில்லாமக் கெடந்தோம். அண்ணாச்சி எட்டிப் பாத்தாரா? அதை உங்ககிட்ட எப்பிடிக்கா சொல்ல? நீங்க அவர் ஆளுல்லா."

உலகம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். பிரம்மசக்தி சாக்குமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டியா தாயி? இந்தத் தெரு பூரா நம்ம தெருன்னு மேடை மேடையாப் பேசுனேன். மெசினு நேத்துத்தான் வந்துச்சு. நான் முப்பது வருசமா தப்பாவே கணக்குச் சொல்லியிருக்கேன்."

யமுனா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது கேள்வி, முந்தானை, செண்பகத்தம்மாளின் ஃபேன், எதையும் மறைக்கவில்லை.

"அப்பம் எம்மேல தப்பே இல்ல?"

"இல்லம்மா. நீங்க சொன்னது உண்மை."

அந்த முகம் மலர்ந்ததை யமுனா பார்த்தாள். பார்த்த கையோடு மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. "நாளைக்குக் காலைல திரும்பக் கேக்க வர்றோம். பேர் சொல்லத் தயங்கறாங்கன்னு எங்க சார் பாத்துட்டா உங்க பேர் தெளிஞ்சிடும். ஆனா இந்தத் தெருப் பொம்பளைங்க பயந்து பொய் சொன்னதும் அவருக்குத் தெரிஞ்சிடும்."

"வீட்டை விட்டு வெளியேத்திருவானுவ."

"ஒரு வழி இருக்கு. வீட்டுக்காரர் பேரைப் பட்டுன்னு சொல்லணும். சொந்தப் பேர் சொல்ற மாதிரி. அதே குரல்ல, அதே வேகத்துல, அண்ணாச்சிக்குன்னு சொல்லிடணும். பச்சைதான் வரும்."

"புருசன் பேரையா? நடுத்தெருவுல நின்னா?"

"ஆமாம்மா."

பிரம்மசக்தி குழம்புக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "நானும் அப்பிடிச் சொன்னா எனக்கும் பச்சை வருமா?"

"வரும். வீடு, வேலை எல்லாம் திரும்பக் கிடைக்கும்." யமுனா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஆனா... சிவப்பா இருந்தது பச்சையா மாறினா, முதல்ல எடுத்ததுல கோளாறுன்னு அவருக்கு உறுதியாயிடும். மத்த ஊர் அளத்துத் தெருவுக்கெல்லாம் பெட்டியோட போவாங்க. அங்க போய்ச் சொல்ல நம்மகிட்ட நேரமும் இல்ல, ஆளும் இல்ல."

"எத்தனை ஊரு?"

"கரையோரம் பூரா."

பிரம்மசக்தி எழுந்தாள். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். யமுனாவை ஏறிட்டுப் பார்க்காமலே, "இருட்டப்போவுது. நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டால் போதும், இழந்த எல்லாமும் அவளுக்குத் திரும்ப வந்துவிடும். கதவுக்கு வெளியே நின்ற யமுனாவுக்கு அந்த நினைப்பே நடுக்கமாக இருந்தது.

மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்சி போட்ட தகரப் பந்தலின்கீழ் நாற்காலிகள் போட்டார்கள். ஸ்ரீவத்சன் கருப்புக் கண்ணாடியோடு வந்து யமுனாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். தங்கப்பழம் எதிரில் உட்கார்ந்தான். பெண்கள் வரிசையில் நின்றார்கள். எதிர்த்த சுவரோரம் ஆண்கள் பீடியோடு வேடிக்கை பார்த்தார்கள். பிரம்மசக்தி வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

முதல் ஆள் உலகம்மாள். பேர் சொன்னாள், ஊர் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேர்?" யமுனாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

உலகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சுடலைமுத்து!"

சுவரோரம் நின்ற சுடலைமுத்துவின் வாயிலிருந்து பீடி விழுந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தப் பேரை அவர் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஓட்டு யாருக்கு?"

"அண்ணாச்சிக்கு!"

பச்சை.

அடுத்தவள் வந்தாள். "பொன்னுலிங்கம்!" என்றாள் கூரை அதிர. அதற்கடுத்தவள் "கோயில்பிச்சை!" என்று சொல்லிவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ளப்போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். வரிசை நகர நகரப் புருஷன்மார் பேர்கள் தெருவில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஆண்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. தங்கள் பேர் எப்போது வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள். பெட்டி பச்சை தவிர வேறு நிறம் அறியாததுபோல எரிந்தது. பிரம்மசக்தி ராத்திரி எத்தனை கதவைத் தட்டியிருப்பாள் என்று யமுனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. வெயிலுக்குத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்ரீவத்சன் குனிந்து காதருகில் கேட்டார். "தயங்குவாங்கன்னு நெனச்சேன். தயக்கமே இல்லையே?"

"காலம் மாறிப்போச்சு போல சார்."

"கடைசி அம்மாவைப் பாப்போம். அவங்கதான் முக்கியம்."

பிரம்மசக்தி வந்து நின்றாள். தங்கப்பழம் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"பேர்?"

"பிரம்மசக்தி."

"ஊர்?"

"அளத்துத் தெரு."

"வீட்டுக்காரர் பேர்?"

முந்தானை அசையவில்லை. சிரிப்பும் வரவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆறுமுகம்."

செத்துப்போன மனுஷன் பேர். அவர் இருந்தபோதும் அவள் வாயில் வராத பேர்.

"ஓட்டு... யாருக்கும்மா?"

அதே குரலில் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் வீடும் வேலையும் மானமும் அவளுக்குத் திரும்பிவிடும். யமுனாவுக்கு அவளைச் சொல்லச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்போலவும் இருந்தது, வாயைப் பொத்த வேண்டும்போலவும் இருந்தது.

பிரம்மசக்தி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பார்வை தங்கப்பழத்திடம் போய், தரைக்கு இறங்கியது.

"அண்ணா... அண்ணாச்சிக்கு... த்தான்."

சிவப்பு.

ஸ்ரீவத்சன் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார். "சுருதி சுத்தமா இருக்கு. முடிவும் அன்னைக்கு வந்த அதே முடிவு. பெட்டி சரியாத்தான் இருக்கு யமுனா. அந்த ஃபேன் விஷயம் நீ சொன்ன மாதிரி சத்தக் கோளாறுதான். கரையோரம் மறுபடி எடுக்க வேண்டியதில்லை." அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. நிறைய நிம்மதியும் இருந்தது.

தங்கப்பழம் கையை நீட்டினான். "சாவிக்கா."

பிரம்மசக்தி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். உலகம்மாள் மட்டும் சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றாள்.

மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. உப்பளப் பெண்களின் வாக்கு ஏறத்தாழ முழுதும் ஆனந்தப்பெருமாளுக்கே என்றும், இந்தக் கணிப்பு இரண்டு முறை சரிபார்க்கப்பட்டது என்றும் மெய்யொலி அறிவித்திருந்தது. யமுனா போனைப் பைக்குள் போட்டுவிட்டு மண்டபத்திலிருந்து இறங்கி நடந்தாள். பிரம்மசக்தி பஸ் நிறுத்தத்தில் சாக்குமேல் உட்கார்ந்திருந்தாள். ஏரலில் தங்கச்சி மகள் வீடு இருக்கிறதாம்.

காலில் விழலாமா என்றுகூட யமுனாவுக்குத் தோன்றியது. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு பேரை நீங்க ஒருத்தரே காப்பாத்திட்டீங்கம்மா. அந்தத் தடுமாற்றத்தைப் பாத்து நானே நம்பிட்டேன். எப்படி நடிச்சீங்க?" என்றாள்.

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. பிரம்மசக்தி எழுந்து சாக்கைத் தூக்கிக்கொண்டாள்.

"நடிக்கணும்னுதான் தாயி போனேன். எப்பிடித் திக்கணும், எங்கன நிறுத்தணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துகிட்டுத்தான் போனேன். ஆனா அவிய பேரை வாய்விட்டுச் சொன்ன பொறவு, அண்ணாச்சி பேரு நெசமாவே வாயில வரல. நான் நடிக்கல." அவள் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள். "உங்க மெசினு இன்னைக்குத்தான் சரியாச் சொல்லியிருக்கு."